நடுக்கடலில் போகும் கப்பலை ட்ரோன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆழ்வார்திருநகரியிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் துறைமுகத்துக்கு வெளியே இப்போது எந்தக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது என்று பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. தேரடியில் நின்றபடியே போனில் கப்பல் கண்காணிப்புச் செயலி ஒன்றைத் திறந்தால் போதும். கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, என்ன வேகம், எங்கே போகிறது என்று எல்லாமே வரைபடத்தில் வந்துவிடும். காசுகூடக் கட்ட வேண்டாம்.

கப்பல் வேலைக்குப் போனவர் இப்போ எந்தக் கடலில் இருக்கார் என்று வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள அருமையான வசதி. சிக்கல் என்னவென்றால், தாக்குதல் ட்ரோனை ஏவுகிறவருக்கும் முதல் துப்பு இதிலேயே கிடைத்துவிடுகிறது.

2023 டிசம்பர் 23. சவுதி அரேபியாவிலிருந்து மங்களூருவுக்கு கச்சா எண்ணெய் ஏற்றி வந்த ‘கெம் புளூட்டோ’ டேங்கர் மீது அரபிக் கடலில் ட்ரோன் மோதியது. இடம், இந்தியக் கரையிலிருந்து சுமார் 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கி.மீ. ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கடலோரக் காவல்படையின் ‘விக்ரம்’ துணைக்கு வர, கப்பல் மும்பை போய்ச் சேர்ந்தது. ட்ரோன் ஈரானிலிருந்து ஏவப்பட்டது என்றது அமெரிக்கா. ஈரான் மறுத்தது.

அத்தனை பெரிய கடலில் ஒரு கப்பலை எப்படித் தேடிப் பிடிக்கிறது ஒரு ட்ரோன்?

தேடுவது ட்ரோன் அல்ல

சினிமாவில் காட்டுவதுபோல ட்ரோன் தானாக வானத்தில் சுற்றி, இலக்கைப் பார்த்து, முடிவெடுத்துப் பாய்வது அபூர்வம். பெரும்பாலான தாக்குதல்களில் தேடும் வேலை ட்ரோன் கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது.

உக்ரைன் போரில் ஆயிரக்கணக்கில் ஏவப்பட்ட ஷாஹெத்-136 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் மாதிரி இரைச்சலோடு மணிக்குச் சுமார் 185 கி.மீ. வேகத்தில் பறக்கும். மூக்கில் வெடிபொருள். கிளம்பும் முன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பதிவுசெய்துவிடுகிறார்கள். ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள் சிக்னலையும், தன் அசைவை அளக்கும் உள்கருவியையும் வைத்து அந்தப் புள்ளிக்குப் போய் விழும். அவ்வளவுதான்.

மின்நிலையம், எண்ணெய்க் கிடங்கு என்றால் இது போதும், அவை இடம் மாறாது. கப்பல் அப்படியா? 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் 3 மணி நேரத்தில் 66 கி.மீ. நகர்ந்திருக்கும். தூத்துக்குடியில் கிளம்பியது திருநெல்வேலியையே தாண்டிவிடும் தூரம். பழைய எண்ணை நம்பிப் போனால் தண்ணீரில்தான் விழ வேண்டும். அதனால் கப்பலைக் குறிவைப்பவருக்குப் புதுத் தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் கேமராவோ வேறு உணர்கருவியோ கைகொடுக்க வேண்டும்.

கப்பலே கூவிச் சொல்கிறது

அந்தப் புதுத் தகவலைக் கப்பலே தருகிறது. தானியங்கி அடையாள அமைப்பு, சுருக்கமாக ஏ.ஐ.எஸ். சர்வதேசப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களில் இது கட்டாயம். ஓடும் கப்பல் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘நான் இங்கே, இந்தத் திசையில், இந்த வேகத்தில்’ என்று ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போகும். கரைக்கு அருகில் கோபுரங்களும் நடுக்கடலில் செயற்கைக்கோள்களும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பூட்டு, சங்கேதம் எதுவும் கிடையாது. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தானே கொண்டுவந்தார்கள், யார் ஒளிக்கப்போகிறார்கள்?

ஏவுகிறவர் நம்பும் தகவல் தப்பாகவும் இருக்கலாம். 2024 ஜனவரியில் ரஷ்ய எண்ணெய் ஏற்றிச் சென்ற ஒரு டேங்கரை நோக்கி ஏமன் அருகே ஏவுகணை வீசப்பட்டது. அந்தக் கப்பலை பிரிட்டனோடு தொடர்புபடுத்திய பழைய விவரம் இணையத்தில் கிடந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றது ‘ஆம்ப்ரி’ என்ற கடல் பாதுகாப்பு நிறுவனம்.

ராணுவத்திலும் இதே கதைதான். இஸ்ரேலின் ஹார்ப்பி ட்ரோன் எதிரியின் ரேடார் அலையையே மோப்பம் பிடித்துப் போய் மோதும். ரேடாரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம், போடாவிட்டால் வருவது தெரியாது. அதன் தம்பி ஹரோப் பல மணி நேரம் வட்டமிட்டு, கேமரா காட்சியைத் தரையில் இருப்பவருக்கு அனுப்பி, அவர் சொன்ன பிறகு பாயும். 2025 மே மாத மோதலில் இந்தியா இதை ஏவியதாக பாகிஸ்தான் சொன்னது. லாகூரில் ஒரு வான் பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்ததாக மே 8 அன்று இந்திய அரசு அறிவித்தது.

அரக்கோணத்தில் பறப்பவை

தமிழ்நாட்டிலும் கடலைப் பார்க்கும் ட்ரோன்கள் உண்டு. ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியில் ‘ஐ.என்.எஸ். பருந்து’, அரக்கோணத்தில் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’. ராஜாளியில் 2020 நவம்பர் முதல் அமெரிக்காவின் எம்.க்யூ-9பி சீ கார்டியன் இரண்டு, குத்தகையில், ஆயுதம் இல்லாமல் இயங்கின. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே இதே குடும்பத்தில் 31 ட்ரோன்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. கடற்படைக்கு 15, மற்ற இரு படைகளுக்கும் தலா 8.

இவை மோதி அழிவதில்லை. ரேடார், இரவிலும் பார்க்கும் கேமரா, ஏ.ஐ.எஸ். கேட்கும் கருவி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ரேடாரில் புள்ளி தெரிகிறது, ஏ.ஐ.எஸ். இல்லை என்றால் சந்தேகம். ஆயுதம் ஏற்றிய ரகத்தில், இயக்குபவர் இலக்கின் மீது லேசர் புள்ளியை வைப்பார். ஏவுகணை அந்த ஒளியைப் பிடித்துப் போய்ச் சேரும்.

குறி தவறுவது ரொம்பக் குறைவு. ஆனால் குறியே தப்பான ஆளாக இருந்தால்? 2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன்கள் சுமார் 8 மணி நேரம் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றிய தண்ணீர் கேன்களை வெடிபொருள் என்று நினைத்துத் தாக்கினார்கள். இறந்தது 10 பொதுமக்கள், அதில் 7 குழந்தைகள். கேமரா தெளிவாகத்தான் காட்டியது.

அணைத்துவிட்டால் என்ன?

கப்பலுக்கு ஆபத்து என்று கேப்டன் கருதினால் ஏ.ஐ.எஸ்.-ஐ அணைக்கலாம். சர்வதேச விதியே அனுமதிக்கிறது. செங்கடலில் பல கப்பல்கள் அப்படித்தான் போயின. ஆனால் அணைத்த கப்பல் எதிரே வரும் கப்பலின் ஏ.ஐ.எஸ். திரையிலும் தெரியாது. உதவிக்கு வரும் கடற்படைக்கும் தேடுவது கஷ்டம்.

2024 ஜனவரி 17 இரவு ஏடன் வளைகுடாவில் ‘ஜென்கோ பிகார்டி’ என்ற சரக்குக் கப்பலை ட்ரோன் தாக்கியது. 22 ஊழியர்களில் 9 பேர் இந்தியர்கள். 11.11 மணிக்கு அபாய அழைப்பு வந்தது. இந்தியக் கடற்படையின் ‘விசாகப்பட்டினம்’ 12.30-க்கெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. விடிந்ததும் வெடிகுண்டு நிபுணர்கள் ஏறிச் சோதித்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு கப்பல் அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பியது.