பிற தெய்வம் நாடாமை: ஸ்ரீவைஷ்ணவம் காட்டும் காரணங்கள்

ஒரே தெய்வத்தைப் பற்றி நின்று பிற தெய்வங்களை வழிபடாதிருத்தல் பல சமயங்களில் காணப்படும் நெறியே ஆயினும், அதன் காரணங்களையும் எல்லைகளையும் தமிழில் மிக நுணுக்கமாக ஆராய்ந்து எழுதிவைத்தவர்கள் இராமானுசருக்குப் பின் வந்த ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் ஆவர். திருமாலைத் தவிர்த்த தெய்வங்களை அவர்கள் ‘தேவதாந்தரம்’ என்று குறித்தனர். அவற்றை நாடாத அடியவரை ‘ஏகாந்தி’ என்றும், திருமாலிடத்திலும் அவனையன்றி வேறு பயன் எதையும் வேண்டாதவரைப் ‘பரமைகாந்தி’ என்றும் அழைத்தனர். இவற்றுள் பின்னதே இந்நெறியின் உயிர்நிலை. ஏனெனில் வேறு கோயிலை நாடாதவர் செல்வமும் மகப்பேறும் வேண்டித் திருமால் கோயிலுக்கே சென்றாலும், அவருடைய அன்பு இறைவனுக்கும் அவன் தரும் பொருளுக்குமாக இரண்டுபட்டே நிற்கிறது.

இந்நெறிக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது ‘ஓம் நமோ நாராயணாய’ என்னும் எட்டெழுத்துத் திருமந்திரம். பிள்ளை உலகாசிரியரின் முமுட்சுப்படி முதலான நூல்கள் அதன் மூன்று சொற்களிலிருந்து மூன்று உண்மைகளை வகுக்கின்றன. உயிர் இறைவன் ஒருவனுக்கே உடைமை என்பது பிரணவத்தின் பொருள். அவனையன்றி வேறு காப்பு இல்லை என்பது நடுச்சொல்லின் பொருள். அவனையன்றி வேறு இன்பம் இல்லை என்பது இறுதிச்சொல்லின் பொருள். முதலாவதாகிய உடைமைத் தன்மை, ‘அநந்யார்ஹ சேஷத்வம்’ எனப்படுவது, ஏனைய இரண்டுக்கும் வேராக உள்ளது. உடைமையாக இருப்பது உயிரின் இயல்பே என்று கொண்டபின், பிற தெய்வம் நாடாமை வெளியிலிருந்து விதிக்கப்பட்ட தடையாக இராமல், தன்னைத் தான் உணர்ந்ததன் விளைவாக அமைகிறது.

சரணாகதியாகிய பிரபத்தி வேறு துணையைப் பொறுக்காது என்பதற்கு ஆசாரியர்கள் காட்டும் உவமை இராமாயணத்துச் சுந்தர காண்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்துக்குக் கட்டுண்டு கிடந்த அனுமனை, அதன் வலிமை அறியாத அரக்கர்கள் சணற்கயிறும் மரப்பட்டையும் கொண்டு மேலும் கட்ட, வேறு கட்டைப் பொறாத அந்த அஸ்திரம் தானே விலகியது. இவ்வுவமையை இறைவனின் சினத்தைக் காட்டுவதாகக் கொள்வது பொருந்தாது. ஒரு கட்டுப் போதாது என்ற ஐயமே இரண்டாவது கட்டைக் கொண்டுவந்தது; அந்த ஐயம் நுழைந்த இடத்தில் சரணாகதி என்பதே இல்லாமற் போகிறது என்பதுதான் இதன் கருத்து.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி இக்கருத்தை அகப்பொருள் மரபில் வைத்துக் காட்டுகிறது. தலைவியின் காதல் நோயைத் தெய்வம் அணங்கிய நோயெனக் கருதித் தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்வது சங்கப் பாடல்களில் பயிலும் துறை. ஆழ்வார் அத்துறையை எடுத்துக்கொண்டு, கள்ளும் இறைச்சியும் தூவிச் சிறுதெய்வங்களை வழிபடுவதைத் தோழி தடுப்பதாகவும், கண்ணன் பெயரும் அவன் அடியார் பாதத்துகளுமே இந்நோய்க்கு மருந்து எனக் கூறுவதாகவும் அமைக்கிறார். தலைவியின் நோய் இறைவனால் வந்ததாதலின் வேறிடத்தில் மருந்து தேடுவது நோயையே அறியாமையாகும்.

இத்தகைய மரபுக்கு ஆண்டாளின் நாச்சியார் திருமொழி ஒரு கடினமான வினாவை எழுப்பியது. அதன் முதல் திருமொழியிலேயே, தை மாதத்தில் தரை விளக்கிக் கோலமிட்டு, வேங்கடவனோடு தன்னைச் சேர்க்குமாறு ஆண்டாள் காமதேவனை வேண்டுகிறாள். தேவதாந்தர வழிபாட்டை விலக்கிய ஆசாரியர்கள் தாம் தாயாகப் போற்றும் ஒருத்தியின் இச்செயலை மறைத்துவிடவோ, தவறென ஒதுக்கவோ இல்லை. உரையாசிரியராகிய பெரியவாச்சான் பிள்ளை அயோத்தி மக்களை நினைவூட்டுகிறார்: இராமனுடைய நலம் ஒன்றையே கருதி அவர்கள் காலையும் மாலையும் எல்லாத் தேவர்களையும் தொழுதனர். அன்பு அறிவை மீறிப் பெருகும்போது தன் காதலுக்குரியவனை அடைய எவர் காலிலும் விழச் செய்யும். அங்கே தெய்வங்கள் பலவாயினும் வேண்டப்படுபவன் ஒருவனே. செயலின் தோற்றத்தைப் பாராமல் அது யாரை நோக்கிச் செல்கிறது என்று பார்த்த இவ்விளக்கம் வைணவ உரைமரபின் உயர்ந்த இடங்களுள் ஒன்று.

பிற தெய்வம் நாடாமை பிற தெய்வங்களை இகழ்வதாக மாறியதும், சைவ வைணவப் பூசல்களுக்கு இடமளித்ததும் வருந்தத்தக்க வரலாறு. நம்மாழ்வாரே திருவாய்மொழியின் முதல் திருமொழியில், அவரவர் தத்தம் அறிவுக்கேற்ற தெய்வங்களை அடைவதையும், அத்தெய்வங்களிடத்துக் குறையில்லை என்பதையும், அவற்றுள் நின்று பயன் தருபவன் திருமாலே என்பதையும் ஒருங்கே கூறியுள்ளார். உலகும் அதிலுள்ள தேவர்களும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுக்கு உயிர் என்னும் இராமானுசரின் ‘சரீர சரீரி பாவம்’ இதற்கு இசைவானது.

அன்றாடக் கடமைகளில் கதிரவனையும் இந்திரனையும் பெயர்சொல்லிப் போற்றுவது ஏகாந்தத்துக்கு இழுக்கன்றோ என்ற ஐயத்தையும் இக்கொள்கையே தீர்க்கிறது. வேதாந்த தேசிகர் முதலானோர் விளக்குவதன்படி, சந்தியாவந்தனம் முதலிய நித்திய கருமங்களில் அப்பெயர்கள் அத்தேவர்களுக்கு உள்ளுறையும் நாராயணன் அளவும் செல்வதால், வழிபாடு அவனுக்கே உரியதாகிறது. அதே கதிரவனைத் தனித் தெய்வமாகக் கருதி உடல்நலம் வேண்டித் தொழுதால் மட்டுமே அது தேவதாந்தர வழிபாடாகும்.