காலியிடம் வேண்டாம், பதிவு வேண்டும்

எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் என்.ஐ.சி. என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கும். தேசிய தகவலியல் மையம் என்பது முழுப்பெயர். மத்திய அரசு 1976-இல் தொடங்கியது. வண்டிப் பதிவுக்கான வாஹன், ஓட்டுநர் உரிமத்துக்கான சாரதி, அலுவலகக் கோப்புகள் நகரும் இ-ஆபீஸ், நம் மாநிலத்துப் பட்டா மாறுதலுக்கான தமிழ்நிலம் என்று மக்கள் தினமும் தொடும் பல மென்பொருள்கள் இவர்கள் செய்தவை. அந்த அறைக்குள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “பிரமோஷன் எப்போ சார் வரும்?” சரியான பதில் கொஞ்சம் நீளம். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மற்ற அரசு அலுவலகங்களில் பதவி உயர்வு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலே ஒருவர் ஓய்வு பெற வேண்டும், இடம் காலியாக வேண்டும், பணிமூப்புப் பட்டியலில் உங்கள் பெயர் மேலே வந்திருக்க வேண்டும். என்.ஐ.சி.யின் விஞ்ஞானி நிலைப் பணியாளர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஃபிளெக்சிபிள் காம்ப்ளிமென்டிங் ஸ்கீம், சுருக்கமாக எஃப்.சி.எஸ். என்றொரு முறை இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் துறைகளில் வேலை செய்பவர்கள் ஒரே நாற்காலியில் தேங்கிப்போகக் கூடாது என்பதற்காக வந்தது. இதில் காலியிடம் தேவையில்லை. நீங்கள் தகுதி பெற்றால் நீங்கள் இருக்கும் பணியிடமே உங்களோடு உயரும். நீங்கள் விலகிப் போனால் அது பழைய நிலைக்கே இறங்கிவிடும். ஆகவே பக்கத்து மேசைக்காரர் உயர்வதால் உங்களுக்கு நஷ்டமில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் அலுவலகப் பொறாமையில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

படிகள் இவை. சயின்டிஸ்ட்-பி நிலையில் சேர்கிறீர்கள். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் அது லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பி-யிலிருந்து சி-க்கு 3 ஆண்டு, சி-யிலிருந்து டி-க்கு 4, டி-யிலிருந்து இ-க்கு 4, இ-யிலிருந்து எஃப்-க்கு 5, எஃப்-லிருந்து ஜி-க்கு 5. கூட்டினால் 21 ஆண்டு. ஜி நிலை என்பது லெவல் 14, தொடக்கமே 1,44,200 ரூபாய். இருபத்தைந்து வயதில் சேர்பவர் ஒரு தடங்கலும் இல்லாமல் போனால் நாற்பத்தாறில் அங்கே நிற்கலாம்.

ஆனால் இந்த ஆண்டுகள் குறைந்தபட்சம்தான். மூன்று ஆண்டு முடிந்த மறுநாள் உயர்வு தானாக வீட்டுக்கு வராது. முதலில் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளின் மதிப்பெண்ணைப் பார்த்துச் சலிப்பார்கள். குறைந்தபட்ச ஆண்டு முடிந்ததுமே நேர்காணலுக்கு அழைக்கப்பட வேண்டுமானால் மதிப்பெண் மிக உயர்வாக இருக்க வேண்டும். ஆண்டு கூடக்கூட அந்த வரம்பு இறங்கும். அதாவது சுமாரான மதிப்பெண் உள்ளவரும் ஒருநாள் போய்ச் சேர்வார், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஓரிரு ஆண்டு பின்தங்குவார். ஐந்து படிகளில் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சலித்து எடுத்தவர்களை மதிப்பீட்டுக் குழு நேரில் கேள்வி கேட்கும். வெளி அமைப்புகளின் வல்லுநர்களும் அதில் இருப்பார்கள். உங்கள் ஆட்சியரையோ உங்கள் மாவட்டத்தையோ அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மிகச் சிறந்த பதிவு உள்ளவர்களுக்கு ஒரு படியில் ஓர் ஆண்டு வரை தளர்வும் உண்டு. பணிக்காலம் முழுக்க இரண்டு முறைக்கு மேல் கிடையாது.

எல்லாக் கதவுக்கும் சாவி அந்த ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைதான். அலுவலக வழக்கில் ஏ.பி.ஏ.ஆர். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. உங்கள் சுயமதிப்பீட்டை ஏப்ரல் 15-க்குள் தர வேண்டும். மேலதிகாரி ஜூன் 30-க்குள் எழுத வேண்டும், அவருக்கும் மேலே இருப்பவர் ஜூலை 31-க்குள் பார்க்க வேண்டும். மதிப்பெண் பத்துக்கு. எட்டும் அதற்கு மேலும் ‘மிகச் சிறப்பு’. ஆறிலிருந்து எட்டுக்குள் ‘மிக நன்று’.

சுயமதிப்பீட்டுப் பகுதியைப் பலர் ஏப்ரல் 14 இரவு, போன வருடம் எழுதியதைப் பார்த்து நகலெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காத இடம் இது. தேர்தல் வந்தால் மாவட்டத்து என்.ஐ.சி. ஆட்கள் எத்தனை இரவு கண்விழிக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாக்குச்சாவடி ஊழியர்களைக் கணினி குலுக்கல் முறையில் ஒதுக்குவது முதல் வாக்கு எண்ணிக்கை நாளில் சுற்றுவாரியாக விவரம் ஏற்றுவது வரை அவர்கள் தலையில்தான். இத்தனையும் செய்தவர் படிவத்தில் “தேர்தல் பணிகளில் ஈடுபட்டேன்” என்று ஒரே வரி எழுதுகிறார். எத்தனை ஊழியர்களின் தரவு, அதில் என்ன குறை இருந்தது, அதை எப்படிச் சரிசெய்தார், எத்தனை கட்டமாக ஒதுக்கீடு நடந்தது, என்ன தடை வந்தது, எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது என்று எழுதியிருந்தால் அதே வேலை வேறு எடையோடு நிற்கும். மூன்று வருடம் கழித்து உங்கள் எதிரே உட்காரும் குழு அந்த ஒரே வரியைத்தான் படிக்கும். நீங்கள் கண்விழித்தது அதில் தெரியாது.

இன்னொன்று. 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆண்டு அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும், மோசமானதை மட்டுமல்ல, ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு அதை நடைமுறையாக்கியது. முழு அறிக்கையும் உங்கள் கைக்கு வரும். மதிப்பெண் நியாயமில்லை என்றால் 15 நாளுக்குள் முறையீடு செய்யலாம். ‘நன்று’ என்று போட்டிருக்கிறார்களே, திட்டவில்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். எஃப்.சி.எஸ்.ஸில் ‘நன்று’ உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

இனி என்ன வேலையைத் தேடிப் போவது என்ற கேள்வி. மாவட்டப் பணியைத் தண்டனை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அறிவியல் அமைச்சகங்களின் தலைமையகப் பணியிடங்களில் சேர்ந்தவர்கள் எஃப் நிலைக்கு 2 ஆண்டும் ஜி நிலைக்கு 5 ஆண்டும் கள அனுபவம் காட்ட வேண்டும் என்று விதியே கேட்கிறது. விதியை விடுங்கள். தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா எங்கே சிக்குகிறது, உட்பிரிவு எண் ஏன் தப்பாகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதும் மென்பொருளும், டெல்லியில் உட்கார்ந்து எழுதும் மென்பொருளும் ஒன்றாக இருக்காது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள். நில ஆவணமும், நீதிமன்ற நடைமுறையும், கருவூலமும் உள்ளும் புறமும் தெரிந்த நிரலாளர்கள்தான் குறைவு. ஒரு தொழில்நுட்பம், ஒரு துறை என இரண்டில் ஆழம் தேடுங்கள்.

மாவட்டத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காலையில் காணொலிக் காட்சிக்குக் கேமரா திருப்பி, மதியம் பிரிண்டரைப் பார்த்து, மாலையில் யாருக்கோ கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தே ஆண்டுகள் ஓடிவிடும். அந்த வேலைகளை யாராவது செய்தே ஆக வேண்டும், மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒன்றாவது தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே பொறுப்பேற்ற பணியாக இருக்கட்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

மேற்படிப்பு ஆசை இருந்தால், ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகு கல்வி விடுப்பு கேட்கலாம். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்துப் பொதுவாக 24 மாதம். திரும்பி வந்து வேலை செய்வேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சான்றிதழ்களாகச் சேர்ப்பதை விட ஒரு நல்ல எம்.டெக். பயன் தரும் என்பது என் கருத்து.

தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவர்களின் பாதை வேறு. லெவல் 6, தொடக்கம் 35,400. பதவி உயர்வே வராமல் தேங்கினால் 10, 20, 30 ஆண்டுகளில் அடுத்த ஊதிய நிலை தரும் எம்.ஏ.சி.பி. உண்டு. அதற்கும் 2016 முதல் ‘மிக நன்று’ வேண்டும். அதை நம்பி உட்காராமல் சயின்டிஸ்ட்-பி நேரடித் தேர்வை மறுபடி எழுதுங்கள். அரசு ஊழியர்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டு வரை வயதுத் தளர்வு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: அந்த ஆண்டுகள் எஃப்.சி.எஸ். கணக்கில் ஏறாது. வயது வரம்பு தாண்டுவதற்குள் தேர்வு எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதுவரை வந்த உங்கள் ஆண்டு அறிக்கைகளின் நகல்களை இந்த மாதமே எடுத்து வரிசையாக அடுக்கிப் படித்துப் பாருங்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை வாரம் ஒருமுறை நாலு வரியில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஏப்ரல் 15-க்கு அது கையில் இருக்க வேண்டும்.