உங்களுக்குத் தெரியுமா? போலீசையும் பிடிக்கும் போலீஸ்

● திண்டுக்கல்லில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும், லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்கிற பலகை கண்ணில் படும். அதில் உள்ள முகவரி லஞ்ச ஒழிப்புத் துறையினுடையது. 1964-ல் தொடங்கப்பட்ட துறை இது. தலைமையகம் சென்னை ஆலந்தூரில். திண்டுக்கல்லிலும் தனிப் பிரிவு உண்டு.

● இதில் பணியாற்றும் அதிகாரிகள் பெரும்பாலும் போலீஸ்காரர்களே. ஆனால், மாவட்ட எஸ்.பி.க்குக் கீழே இந்தப் பிரிவு வராது. ஒரு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மீது புகார் கொடுக்க அவருடைய மேலதிகாரியிடமே போய் நிற்க வேண்டியதில்லை. சாமானியனுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

● உள்துறை என்றால் போலீஸ் மட்டும் என்றுதான் நினைக்கிறோம். தமிழகத்தில் சிறைத்துறையும் தீயணைப்புத் துறையும் அதில் சேர்ந்தவை. நாம் லைசென்ஸுக்கு அலையும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் அப்படியே. இவற்றில் யார் லஞ்சம் கேட்டாலும் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம்.

● திண்டுக்கல் பிரிவின் பெயர் 2023 டிசம்பர் 1 அன்று நாடு முழுக்க ஒலித்தது. அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக, மதுரை அமலாக்கத் துறை அலுவலகத்தில் பணியாற்றிய மத்திய அரசு அதிகாரியை இந்தப் பிரிவு கைது செய்தது. காரில் சென்றவரை விரட்டிப் பிடித்தார்கள். அன்றிரவே மதுரை அமலாக்கத் துறை அலுவலகத்திலும் சோதனை நடந்தது. அமலாக்கத் துறை மத்திய நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. அங்கே மாநில அதிகாரிகள் போய்ச் சோதனையிட்டது அபூர்வத்திலும் அபூர்வம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றம் உண்மையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: பணம் கேட்கப்பட்டவர் எழுதிக் கொடுத்த ஒரு புகாரில்தான் இத்தனையும் தொடங்கியது.

● ‘ரசாயனம் தடவிய நோட்டு’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த ரசாயனம் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடி. புகார் வந்ததும் முதலில் வழக்குப் பதிவு. பிறகு, வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர் இருவரைச் சாட்சிகளாக அழைக்கிறார்கள். லஞ்சமாகக் கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களைக் குறித்து, மகஜர் என்ற பதிவு எழுதுகிறார்கள். பொடி தடவிய நோட்டைத் தொட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்து, நிறம் மாறுவதைச் சாட்சிகளுக்குக் காட்டுகிறார்கள். புகார்தாரரோடு ஒரு சாட்சியும் போவார். பணம் கைமாறியதும் புகார்தாரர் சைகை காட்டுவார். அடுத்த நிமிடம் பணம் வாங்கிய அதிகாரியின் கை அதே வகைப் புதிய கரைசலில். நீர் இளஞ்சிவப்பானால் அதை பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

● கை சிவந்தால் மட்டும் தண்டனை கிடைத்துவிடாது. அதிகாரி பணம் ‘கேட்டார்’ என்பதையும் நிரூபிக்க வேண்டும். இதனால்தான் புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறினால் வழக்கு தள்ளாடும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தெளிவு தந்தது. புகார்தாரர் பல்டி அடித்தாலும், இறந்தே போனாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலை ஆதாரங்களையும் வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். புகார்தாரரை மிரட்டிப் பணியவைத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது நல்ல அடி.

● லஞ்சம் வாங்கிய அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

● இந்தியாவின் ஊழல் கண்காணிப்பு முறைக்கு அடித்தளமிட்ட குழுவின் தலைவர் ஒரு தமிழர், கே.சந்தானம். அந்தக் குழுவை 1962-ல் அமைத்தவர், அப்போது மத்திய உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி. குழுவின் பரிந்துரைப்படி 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. நம் பாடப்புத்தகங்களில் சந்தானத்துக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்கலாம்.

● சி.பி.ஐ.யின் வேரும் லஞ்சத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவக் கொள்முதலில் நடந்த லஞ்சத்தை விசாரிக்க 1941-ல் அமைத்த சிறப்புப் போலீஸ்தான் அதன் தொடக்கம்.

● ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, விசாரணை நெருங்கியதும் 1973-ல் இங்கிலாந்துக்குத் தப்பினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீசை போலீசே விசாரித்தால் சரிவராது என்று முடிவுசெய்து, 1974-ல் தனி ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைத்தார்கள். காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து 4 ஆண்டு சிறையில் தள்ளியது ஆணையம். 1977-ல் ஆத்திரமடைந்த போலீசார் ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். ஆணையம் இன்றும் இயங்குகிறது.

● போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். ‘பேப்பர் செலவு’ என்று யார் கேட்டாலும் அது லஞ்சமே. நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

● ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. ஆனால், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவர் மீது வழக்கு வராது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகக் கொடுப்பவருக்கும் அச்சமில்லை. கொடுத்துவிட்டு மனம் நொந்து கிடக்கிறீர்களா? எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்கு 7 நாட்கள் இருக்கின்றன.