தங்க சிகரெட் பெட்டிக்காக ஒரு லாரிப் பந்தயம்!

டிரிப் கணக்கில் ஓடும் டிரைவர்களைப் பற்றிய பழைய ஆங்கிலப் படம்

சாயங்கால வேளையில் சந்தாபுரா கூட்டு ரோட்டைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஜல்லி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி சீறிக்கொண்டு வரும். "இவனுக்கு என்னதான் அவசரமோ!" என்று திட்டிக்கொண்டே ஒதுங்குகிறோம்.

அந்த அவசரம் எங்கே பிறக்கிறது? அதைக் காட்டும் படம்தான் 'ஹெல் டிரைவர்ஸ்'. 1957-ல் பிரிட்டனில் வெளிவந்த கறுப்பு-வெள்ளைப் படம்.

ஜெயிலில் இருந்து வந்தவன்

கதாநாயகன் டாம், சிறையில் இருந்து விடுதலையானவன். ஜல்லி ஏற்றும் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. நாள் ஒன்றுக்கு 12 டிரிப்புக்குக் குறைந்தால் வேலை போய்விடும்.

போர்மேன் ரெட், நாளைக்கு 18 டிரிப் அடிக்கிற முரடன். அவனை முந்துகிறவனுக்கு அவனுடைய தங்க சிகரெட் பெட்டி பரிசு! போதாதா? குறுகிய கிராமத்து ரோட்டில் லாரியோடு லாரி மோதுகிறது. டாமின் உயிர் நண்பனான இத்தாலியன் ஜீனோ பலியாகிறான்.

ஐந்து பேர் சம்பளம் எங்கே?

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள, மர்மம் ஆபீசில் இருக்கிறது. தலைமை அலுவலகம் தரும் பணத்துக்கு இன்னும் ஐந்து டிரைவர்களை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த ஐந்து பேர் சம்பளத்தை மானேஜரும் ரெட்டும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஐந்து பேர் வேலையையும் மற்றவர்கள் முதுகில் ஏற்றத்தான் இந்தப் பந்தயம்!

டாமாக ஸ்டான்லி பேக்கர், ரெட்டாக பேட்ரிக் மெக்கூஹன் நடித்தார்கள். சிறு வேடத்தில் வந்த ஷான் கானரி, 1962-ல் ஜேம்ஸ் பாண்ட் ஆனார். டைரக்டர் சை எண்ட்பீல்டு அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டு பிரிட்டனுக்கு வந்தவர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவருக்குத் தொழிலாளியின் வலி புரிந்ததில் வியப்பில்லை.

சட்டம் சொன்னது

நம் நாட்டில் 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது. அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. ஆனால் கூலி டிரிப்புக்குத்தான் என்றால், ஓய்வெடுக்கும் அரை மணி டிரைவரின் பையில் இருந்துதானே போகிறது?

ஓசூர் ரோட்டில் ஓடும் லாரிகளில் நம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரோட்டைக் கடக்கும்போது நாம் ஜாக்கிரதையாக இருப்போம். டிரைவரைத் திட்டுமுன், அவருக்கு அன்று எத்தனை டிரிப் என்று கணக்குப் போட்டவர் யார் என்றும் சற்று எண்ணிப் பார்ப்போம்.

டாம் ஜெயித்தானா? கல் குவாரியின் விளிம்பில் நடக்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் படத்தில் பார்ப்பதே சுவை!