எந்தப் பிரதியைப் படித்தோம்?

பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் தஸ்தயேவ்ஸ்கி கிடைத்தால் நாம முதலில் பார்ப்பது விலையை. பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை. கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1914இல் ஆங்கிலமாக்கிய 'தி பொஸஸ்ட்' நாவலில் ஒரு அத்தியாயம் கிடையாது. சிறுமி ஒருத்தியைச் சீரழித்ததை ஸ்தவ்ரோகின் ஆயர் தீகோனிடம் ஒப்புக்கொள்ளும் இடம் அது. கார்னெட் வெட்டவில்லை, 1871-72இல் தொடராக வந்தபோதே பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் அச்சிட மறுத்துவிட்டார். 1922இல்தான் வெளியானது. அதே ஆண்டு வர்ஜீனியா வுல்ஃபும் கோத்தெலியான்ஸ்கியும் தனி நூலாக மொழிபெயர்த்தார்கள். 1936இல் மாடர்ன் லைப்ரரி அந்த அத்தியாயத்தை கார்னெட் மொழிபெயர்ப்போடு சேர்த்தது.

ஆக, மொழிபெயர்ப்பாளர் ஒருவர், நாவல் இரண்டு. அத்தியாயம் இல்லாத ஸ்தவ்ரோகின் வெறும் மர்ம மனுஷன். அந்தக் குழியை நாம் 'ருஷ்ய ஆன்மா' என்று சொல்லி மூடிவிடுகிறோம். (நானும் மூடியிருக்கேன்.) அதற்குள் புதைபடுவது அந்தச் சிறுமி.

புல்ககோவுக்கும் இதே கதிதான். 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலை 1967இல் மிர்ரா கின்ஸ்பர்க் மொழிபெயர்த்தது 'மாஸ்க்வா' இதழ் வெட்டி வெளியிட்ட வடிவத்திலிருந்து. அதே ஆண்டு வந்த மைக்கேல் க்ளென்னியின் மொழிபெயர்ப்பு அதைவிட முழுமையான பிரதியிலிருந்து. கடைக்காரருக்கு இரண்டும் ஒரே விலைதான்.