மாஞ்சோலையை விட்டு இறங்குகிறவர்கள்

திருநெல்வேலிச் சீமையில் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைகிறதே, அதன் இரகசியம் வயலில் இல்லை. மேற்கே மலையில் இருக்கிறது. இரண்டு பருவமழைகளும் அங்கே கொட்டுகின்றன. கொட்டிய நீரைக் காட்டின் உதிர்ந்த இலைகளும் பாசியும் வேர்களும் பிடித்து வைத்துக்கொண்டு, சிக்கனமான பாட்டி சுருக்குப் பையைத் திறப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகின்றன. அதனால்தான் தாமிரபருணி ஜீவநதி.

அந்தக் காட்டில் ஏறக்குறைய 8,370 ஏக்கரை, 1929-ஆம் வருஷத்தில் சிங்கம்பட்டி ஜமீன் ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற பெயரைக் கேட்டால் சரித்திரம் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1885-ல் பர்மிய அரசர் தீபாவின் தர்பார் தேக்குமர விவகாரத்தில் அபராதம் விதித்தது இந்தக் கம்பெனிக்குத்தான். அதைச் சாக்கிட்டே ஆங்கிலேயர் அந்த ராஜ்யத்தை விழுங்கினார்கள்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் குடியிருப்புகள் எழுந்தன. அட்டைக்கடியிலும் குளிரிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். லாபத்தில் அவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது? 1999 ஜூலை 23-ந் தேதி, கூலி உயர்வும் சிறையிலிருந்த தங்கள் மனிதர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். போலீசாரின் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒன்று பால்மணம் மாறாத குழந்தை.

இதற்கிடையில் சுற்றுப்புறக் காடு 1988-ல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. 2018-ல் எஸ்டேட் நிலமும் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. குத்தகைக் கெடு 2028 வரை இருந்தும், 2024-ல் கம்பெனி தொழிலாளரை விருப்ப ஓய்வு பெற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் தேயிலைக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்ற மனுக்களை அவ்வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட்டு ஏற்கவில்லை.

காடு திரும்ப வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கீழே லட்சக்கணக்கான குடும்பங்களின் குடமும் வயலும் அதை நம்பியிருக்கின்றன. ஆனால் மரத்தை வெட்டி நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வேறு, லாபம் எடுத்தவர் வேறு. தவறைத் திருத்தும் செலவை மட்டும் நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவன் கொடுப்பதா? கீழே ஒரு வீடு கிடைத்தால் போதுமா? மலையைத் தவிர வேறு தொழில் அறியாதவன் அந்த வீட்டில் என்ன செய்வான்?

இன்னொன்றும் உண்டு. கவ்வாத்துச் செய்யாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நிற்கும். அதனால் அது சோலையாகிவிடாது. களையெடுத்து, நாட்டு மரக்கன்றுகளை நட்டு, வருஷக்கணக்கில் காக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு சரிவும் ஓடையும் தெரிந்த ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வேலையைக் கூலியோடு கொடுப்பதை விட்டு, பெட்டி படுக்கையுடன் மணிமுத்தாற்றுப் பாதையில் இறக்கி அனுப்புவது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.