உங்களுக்குத் தெரியுமா? மிஸ்ஸிங் அடிக்கும் பழைய கார்!

சிக்னலில் நிற்கிறது உங்கள் பழைய கார். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று. நாலு சிலிண்டர். அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே எத்தனை முறை தீ பற்றுகிறது தெரியுமா? 1,600 முறை! வண்டி ஓர் அங்குலம்கூட நகராமலே!

அதில் ஒரே ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால்? நிமிடத்துக்கு 400 தீ அவுட்! நொடிக்குக் கிட்டத்தட்ட 7 உதறல்! கியர் லிவர் ஆடுவதும், ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் நடுங்குவதும் இந்த ஏழால்தான்!

மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். மொத்தம் 796 சி.சி. ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு எஞ்சினே போச்சு!

பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். பிளக் நுனிக்குப் போய்ச் சேருவதோ பல ஆயிரம் வோல்ட்! 20,000-ஐத் தாண்டுவதும் உண்டு! நடுவில் இருப்பது ஒரு காயில், ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர். அவ்வளவுதான்!

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூற்றுக்கும் மேல்! அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கியது. 1910 மாடல் காடிலாக்கிலேயே வந்துவிட்டது! உங்கள் வீட்டு அம்பாசடரில் ஓடியதும் அதே தத்துவம்தான்!

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்தக் குட்டிப் பாயிண்ட் செட் படும் பாட்டைக் கேளுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின், 3,000 சுற்று. நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும்! ஒரு மணி நேரம் ஓட்டினால் 3,60,000 முறை! அதன் இடைவெளியோ சுமார் 0.4 மில்லிமீட்டர்! பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். டைமிங் தானாகவே பின்னால் போகும். யாரும் கை வைக்காமலே செட்டிங் கெட்டுப்போகும்! ஃபீலர் கேஜை ஒரு முறை நுழைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்!

இது பலருக்குத் தெரியாது! பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் வைத்து, 'ஸ்பார்க் வருது சார், பிளக் நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். நம்பாதீர்கள்! வெளிக்காற்றில் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் தாவாமல் நின்றுவிடும்! வெளியே பாஸ், உள்ளே ஃபெயில்!

பிளக் நுனியின் நிறமே ஒரு முழு ரிப்போர்ட்! இளம் பழுப்பா? நலம்! காய்ந்த கரியா? பெட்ரோல் அதிகம்! வெளுத்துப் போய்க் கொப்புளமா? பெட்ரோல் குறைவு, சூடு அதிகம்! எண்ணெய்ப் பிசுக்கா? ரிங் அல்லது வால்வு கைடு! கழற்றும்போது எது எந்த சிலிண்டர் பிளக் என்று வரிசையாக வையுங்கள். கலந்துவிட்டால் ரிப்போர்ட் பூராவும் வீண்!

பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்! நுனி சுமார் 450 டிகிரியைத் தாண்டினால் படிந்த கரி எரிந்து போய்விடும். பக்கத்துத் தெருவரை மட்டுமே ஓட்டும் கார் அந்தச் சூட்டைத் தொடுவதே அபூர்வம். ஓட்டாத வண்டிதான் அதிகம் மிஸ் ஆகும்!

மழைநாள் காலையில் மட்டும் உதறுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? பிடித்துவிட்டீர்கள்! மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது! அதன் அகலம் ஒரு முடி அளவுதான்!

இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் வயர் மேல் நீலப் பொறி ஓடினால் வயர் காலி! கை மட்டும் வைக்காதீர்கள்!

60-இல் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை, நின்றால் மட்டும் உதறல்! அப்படியானால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகக்கூடும்! ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது கொஞ்சமே கொஞ்சம் காற்று. அதில் ஒரு சின்ன ஓட்டையும் பெரிய கலகம் பண்ணும். வேகம் கூடினால் அதே ஓட்டை இருப்பதே தெரியாது! விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ் போதும்!

பிரேக்குக்கு வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியா? மிதித்ததும் ஐடிலிங் மாறுகிறதா? எஞ்சின் கோளாறு பிரேக் பூஸ்டரில் உட்கார்ந்திருக்கலாம்!

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்! லிட்டர் கணக்கில் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்று! எத்தனாலுக்கோ கிலோவுக்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் பெட்ரோலை ஊற்றினால் பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய ஜெட் அளவிலேயே விடும். கலவை மெலிந்துவிடும்!

அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஹெட்டில் காற்று நுழையும் வழி இரண்டே இரண்டு! 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. புகை வெளியேற மூன்று! நடுவில் உள்ள 2-உம் 3-உம் ஒரே வழியில்தான் புகை விடும்! அதனால் காற்று நுழையும் வழியின் கேஸ்கெட்டில் ஒரே இடத்தில் காற்றுக் கசிந்தாலும் ஜோடியாக இரண்டு சிலிண்டர் பாதிக்கும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் கம்ப்ரஷனே போய்விட்டதா? நடுவில் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும்!

ஒரு காகிதத் துண்டு போதும், சைலன்சரே உண்மையைச் சொல்லும்! ஐடிலிங்கில் குழாய் வாய் அருகே பிடியுங்கள். ஒரே சீராக வெளியே தள்ளினால் நலம். நடுநடுவே காகிதத்தை உள்ளே இழுக்கிறதா? எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கப் பலமான வாய்ப்பு! செலவு பூஜ்யம்!

கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங்! ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்! ஹெட்டைத் திறக்காமலே தீர்ப்பு! பழைய வண்டிச் சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்!

டேப்பெட் சத்தமே இல்லையா? சந்தோஷப்படாதீர்கள்! இடைவெளி அடைத்துப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். சத்தம் போடும் டேப்பெட்டை விட சத்தமில்லாத டேப்பெட் ஆபத்து! வால்வு சீட் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்ததே அந்த ஈயம்தான்!

கம்ப்யூட்டர் உள்ள கார் மிஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? காது வைத்தல்ல, கிராங்கை வைத்து! தீ பற்றாத அந்தக் கணத்தில் கிராங்க் இம்மியளவு வேகம் குறையும். அதை எண்ணிவிடும்! பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் இல்லை, மாறி மாறியோ பலவற்றிலோ!

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்! எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடே உருகிவிடும்!

சைலன்சர் சத்தம் சீராக இருக்கிறது, வண்டி மட்டும் உதறுகிறதா? எஞ்சினைத் திட்டாதீர்கள், மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்!

'ஹெட்டை இறக்கணும் சார்' என்று யாராவது சொன்னால், 'முதல்ல பிளக்கைக் காட்டுங்க' என்று கேளுங்கள். பெரும்பாலான பழைய கார்களுக்கு அதைக் கழற்ற வேண்டியது ஒரே ஒரு 21 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர்!